மூச்சு மாஸ்டரும் ரெட்டை விழுந்த சட்டையும்

பதுளையில் செத்தவர்களோடு அதிகம் பேசியவர் யார் என்று கேட்டால் ஏதாவது ஒரு பூசாரியைச் சொல்வீர்கள். இல்லை. டீசேர்ட்டில் படம் அடிக்கும் மூச்சு மாஸ்டர்தான்.

சொந்தப் பெயர் தெரியாது. அவரிடம் சட்டை மடிக்கும் வேலை பார்த்தேன். நான் பெயர் கேட்கவில்லை. அவரும் என் பெயரைக் கேட்கவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை. பிறந்தநாள், மேட்ச், திருவிழா எல்லாவற்றுக்கும் அடிப்போம். அதிகம் வருவது கருமாதிச் சட்டை. தேயிலைத் தோட்டத்தில் இளந்தாரி ஒருவன் செத்தால் கூட்டாளிகள் அவன் முகத்தை நெஞ்சில் போட்டுக்கொண்டு வருவார்கள். ஹாலிஎல பக்கம் பனிமூட்டத்தில் அப்படி ஒரு கூட்டம் எனக்கு எதிரே வந்திருக்கிறது. ஆட்கள் தெரியவில்லை. முகம் மட்டும் வந்தது. ஒரே முகம், வரிசையாக.

வேலை இதுதான். படத்தைத் தாளில் எடுப்போம். தாளில் முகம் வெளிறி, இடம் வலம் மாறி இருக்கும். அதைச் சட்டைமேல் கவிழ்த்துச் சூட்டு மெஷினில் அமுக்கினால் மை துணிக்குள் ஏறும். அப்போதுதான் முகத்துக்கு உயிர் வரும். மூடியைத் தூக்கும்போது தாள் நூலளவு நகர்ந்தாலும் போச்சு. சூடு ஆறாத மை பக்கத்தில் இன்னொரு தரம் படிந்துவிடும். மூக்குக்குப் பக்கத்தில் மங்கலாக ஒரு மூக்கு. கண்ணுக்குப் பின்னால் ஒரு கண். ரெட்டை விழுந்தது என்போம்.

மாஸ்டருக்கு ரெட்டை என்றால் பயம். பனி துணியில் இறங்கியிருக்கும் என்று வெறும் சட்டையை முதலில் அமுக்கி ஈரத்தை ஓட்டுவார். தாளின் நாலு பக்கமும் சூடு தாங்கும் டேப் ஒட்டுவார். ஃபேனை நிறுத்துவார். கதவைச் சாத்துவார். மூடியைத் தூக்கும் நேரம் வந்ததும் ஒரு கையை உயர்த்துவார். கடையில் இருக்கிற எல்லாரும் மூச்சை நிறுத்த வேண்டும். மூடியை மெல்லத் தூக்கி, தாளை ஒரே இழுப்பில் உரித்த பிறகுதான் விடலாம். பெயர் அப்படி வந்தது.

பக்கத்து ஹாட்வெயார் கடை நானா ஒருநாள் சில்லறை மாற்ற வந்தார். விக்கல். மாஸ்டர் அவரை மழையில் வெளியே நிறுத்தினார்.

"கூப்புட்டா வந்திச்சு விக்கல்?" என்றார் நானா.

"கூப்பிடாம வந்ததோட வெளியவே நில்லுங்க" என்றார் மாஸ்டர்.

படத்தோடு அவர் பேசுவதுதான் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். அமுக்கும் முன் தாளில் குனிந்து, கொஞ்ச நேரம்தான், அசையாதீங்க என்பார். பெரியவர் என்றால் ஐயா. சின்னப் பிள்ளை என்றால் கண்ணு. பதில் வந்ததுபோல் தலையாட்டுவார்.

பூனாகலையில் ஒரு கணக்கப்பிள்ளை ஓய்வு பெற்றார். பிரியாவிடைக்குச் சட்டை. அவரே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மாஸ்டர் தாளைப் பார்த்து, ஐயா அசையாதீங்க என்றார். சொன்னது படத்துக்கு. அசையாமல் போனது ஆள். கடைசிச் சட்டை முடியும்வரை கண்ணைக்கூட இமைக்கவில்லை. டீ கொண்டுவந்த பெண் அவரைப் பார்த்துவிட்டு என் காதில் கேட்டாள்.

"எப்ப எடுக்கிறாங்க?"

ரெட்டை விழுந்த சட்டையை மாஸ்டர் கத்தரியால் வெட்டிப் பின்பக்கம் எரிப்பார். வேறு சட்டையில் அடித்துக் கொடுப்பார்.

அந்த அம்மா வந்தது மழைநாளில். தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். சொப்பிங் பையை இறுக்கி முடிந்து கொண்டுவந்தார். உள்ளே ஒரு வெள்ளைக் கிரிக்கெட் சட்டை. லய வீடுகளுக்குப் பின்னால் மண் சரிந்ததில் மகன் போய்விட்டான். வீட்டில் இருந்ததெல்லாம் மண்ணுக்குள். மேட்ச் முடிந்து இதைக் கூட்டாளி வீட்டில் கழற்றிப் போட்டிருந்தான். அதனால் மிஞ்சியது. யாரும் துவைக்கவில்லை.

படம் கூட்டாளியின் போனில் இருந்தது. மகன் முகத்தை அந்தச் சட்டையில்தான் அடிக்க வேண்டும் என்றார். கழுத்துப்பட்டியிலும் கம்கூட்டிலும் அவன் வியர்வை வாடை இருக்கிறது, அங்கே மட்டும் சூடு படக் கூடாது என்றார். புதுச் சட்டையில் அடிக்கலாமே என்றேன். என்னை அவர் பார்க்கவே இல்லை.

மாஸ்டர் சட்டையைத் தொடாமல் நின்றார். கெட்டுப்போனால் இன்னொன்று கிடையாது.

பிறகு நெஞ்சுப் பக்கத்தை மட்டும் மெஷின் தட்டில் விரித்தார். கழுத்தையும் கைகளையும் திரட்டி வெளியே விட்டார். தொங்கவிட்டால் பாரம் இழுக்கும். யாராவது பிடிக்க வேண்டும். நான் கையை நீட்டினேன். அந்த அம்மா தானே பிடித்துக்கொண்டார். மெஷின் பக்கம் யாரையும் விடாத மனிதர் மாஸ்டர். அன்று விட்டார்.

தாளில் குனிந்தார்.

"தம்பி, அம்மா புடிச்சிருக்காங்க. அசையாதீங்க."

அமுக்கினார். நேரம் ஆனதும் கையை உயர்த்தினார். மூன்று பேரும் மூச்சை நிறுத்தினோம். தகரத்தில் மழை மட்டும் கேட்டது. மூடி மேலே போனது. சுட்ட துணி வாடை வந்தது. மகனுடைய வாடை போகிறது என்று நினைத்தாரோ என்னவோ, அந்த அம்மா கழுத்துப்பட்டியை மூக்குக்கு இழுத்தார். கொஞ்சம்தான். ஒரு பக்கம் டேப் விட்டது.

மாஸ்டர் தாளை உரித்தார். நல்ல முகம். சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பக்கத்தில் இன்னொருவன், மங்கலாக. அவனும் சிரித்துக்கொண்டிருந்தான்.

மாஸ்டரின் கை கத்தரிக்குப் போனது.

"ரெட்டை விழுந்தத குடுக்க மாட்டேன் தங்கச்சி. பக்கத்துல நிக்கிறது யாருன்னு எனக்குத் தெரியாது."

அந்த அம்மா சட்டையைப் பார்த்தார். கழுத்துப்பட்டியை முகர்ந்தார். மறுபடி பார்த்தார்.

"எனக்குத் தெரியும்ண்ணே. குடுங்க."

மாஸ்டர் கத்தரியைக் கீழே வைத்தார்.

அடித்த சூட்டோடு சட்டையை மடிக்கக் கூடாது. அதை மாஸ்டர் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டார். நான் குடை பிடித்தேன். அந்த அம்மாவோடு பஸ்ஸில் அவரும் ஏறினார். இருவருக்கும் நடுவில் இருந்த சீட்டில் சட்டையை விரித்தார். மூன்று டிக்கெட் கேட்டார். நான் ஜன்னலுக்கு வெளியே நின்றேன்.

"மூணாவது ஆள் எங்க?" என்றார் கண்டக்டர்.

"ஒக்காந்திருக்காரு" என்றார் மாஸ்டர்.

கண்டக்டர் சீட்டைப் பார்த்தார். மூன்று டிக்கெட் கிழித்தார்.

பஸ் பனிக்குள் போனது. அன்று கடையை நான்தான் பூட்டினேன்.

இப்போது வேறு ஊரில் வேலை. முதலாளி யார் என்று யாராவது கேட்டால் மூச்சு மாஸ்டர் என்றுதான் வாயில் வருகிறது. மற்றவர்கள் சம்பளம் கொடுப்பவர்கள்.