வட்டச் சன்னலில் கண்ட கோட்டு

"கையைத் தூக்குங்கோ பாப்பம்," என்றாள் செல்லப்பாக்கியம்.

விசுவலிங்கம் கையைத் தூக்கினார். கை மேலே போயிற்று. கோட்டின் கை போகவில்லை. புருஷனின் கை எங்கே போயிற்று என்று அவள் உள்ளே விட்டுத் தேடி எடுக்க வேண்டியதாயிற்று.

"உள்ளுக்குள்ளை இன்னும் ஓராளை வாடகைக்கு இருத்தலாம்," என்றாள்.

"சிரிக்காதையும். வாற வெள்ளிக்கிழமை கப்பல்."

விசுவலிங்கம், சிங்கப்பூருக்கு எதிர்க்கரையான ஜொகூர் பாருவில் ஒரு கந்தோரில் கிளாக்கர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. வந்தது கப்பலின் திறந்த தளத்தில், வெங்காய மூட்டைக்கும் ஓர் ஆட்டுக்கும் நடுவில். ஆட்டுக்குத்தான் நல்ல இடம். கொழும்பை விட்ட அன்றிரவு, ஆட்டோடு ஒத்துப்போகாமல் எழுந்து நடந்தவர், ஒரு வட்டச் சன்னல் வழியே முதல் வகுப்புச் சாப்பாட்டு அறையைப் பார்த்துவிட்டார்.

விளக்கொளியில் ஒரு மனிதர். கறுப்புக் கோட்டு. பலகை போல வெள்ளை நெஞ்சு. கழுத்தில் கறுப்பு வண்ணத்துப்பூச்சி போல ஒரு முடிச்சு. இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்துக்கொண்டு மேசை மேசையாகப் போனார். இலேசாகக் குனிந்து ஒரு வார்த்தை சொன்னார். சொன்ன மேசையெல்லாம் மலர்ந்தது. எங்கும் அவர் அவசரப்படவில்லை. உலகத்தில் அவரை அவசரப்படுத்தக்கூடியவர் யாரும் இருப்பதாகவும் தெரியவில்லை.

அந்த அறையில் வேறு யார் என்ன உடுத்தியிருந்தார்கள் என்று விசுவலிங்கம் பார்க்கவேயில்லை. மறுநாள் கடல் அவரைப் புரட்டிப் போட்டது. சிங்கப்பூர் வரும்வரை தலை தூக்கவில்லை.

ஆனால் அந்த மனிதர் அவரை விட்டுப் போகவில்லை. சோறு பிசையும்போது வருவார், கந்தோரில் கோப்புக் கட்டும்போது வருவார். தாலி கட்டும்போதும் வந்தார். "அண்டைக்கு எங்கை பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்?" என்று செல்லப்பாக்கியம் இன்றைக்கும் கேட்பாள். ஒரே ஓர் இரவு அந்த உடுப்பில் அந்த அறையில் நின்றுவிட்டால் போதும் என்பார் விசுவலிங்கம்.

அந்தப் பழைய கப்பலே இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சிங்கப்பூரிலிருந்து பினாங்கு வரை ஒரே இரவுக்கு முதல் வகுப்புச் சீட்டு எடுத்துவிட்டார். திரும்பி வருவது ரயிலில், மூன்றாம் வகுப்பு.

"நீரும் வாருமன்," என்று மனைவியைக் கேட்டார்.

"கடலிலை நான் சாப்பிட்டது ஒண்டும் என்னோடை நிண்டதில்லை. நீங்கள் போய்ச் சாப்பிட்டு வந்து சொல்லுங்கோ. நான் கேட்டுக்கொண்டிருக்கிறன்."

கோட்டு கொண்டுவந்தவன் சின்னத்தம்பி, கூலாய் ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் துரையின் சமையல்காரன். துரை கழித்துப் போட்ட உடுப்பு. அந்தத் துரை வராந்தாவில் உட்கார்ந்தால் பங்களா அந்தப் பக்கம் சாயும் என்பார்கள், எழுந்தால் நிமிர்ந்துவிடுமாம்.

"இந்த உடுப்பு இல்லாட்டி சாப்பாட்டு ரூம் வாசல்லயே மறிச்சிடுவாங்க, கிளாக்கரய்யா. துரை பேசிக் கேட்டிருக்கேன்," என்றான் சின்னத்தம்பி. அவனும் வந்தது திறந்த தளத்தில்தான்.

சீனத் தையற்காரர் கோட்டைக் குறுக்கினார். கை பழகிவிட்டதால் கால்சட்டையையும் விடாமல் குறுக்கினார். போட்டுப் பார்த்தால் அச்சு வார்த்தது போல நின்றது. உட்காரப் போனபோதுதான் சங்கதி தெரிந்தது.

"நிற்க அளவெடுக்கச் சொன்னீங்க, நிற்க எடுத்தேன். உட்காருவதைப் பற்றிப் பேச்சே வரலியே," என்று மலாயில் சொல்லிவிட்டுத் தையற்காரர் மிச்சத் துணியைத் திருப்பிக் கொடுத்தார். அதில் இன்னொரு விசுவலிங்கத்துக்குக் கோட்டு வெட்டலாம்.

அடுத்தது சட்டை. நெஞ்சு பலகை மாதிரி நிற்க வேண்டும் என்று சின்னத்தம்பி சலவைக்காரி அங்கம்மாவிடம் சொல்லியிருந்தான். அங்கம்மா கஞ்சியில் குறை வைக்கவில்லை. நெஞ்சு, முதுகு, கை, எல்லாமே பலகை.

"கையை மடக்கேலாமல் இருக்கே," என்றார் விசுவலிங்கம்.

"பலகைன்னு சொன்னாங்க, போட்டேன். பாதிப் பலகைன்னு யாரும் சொல்லலீங்களே," என்றாள் அங்கம்மா.

அன்றிரவு சட்டையைச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். இருட்டில் அதன்மேல் மோதிய பூனை இரண்டு நாள் நொண்டிக்கொண்டு திரிந்தது.

கடைசியில் கழுத்து முடிச்சு. வெள்ளிக்கிழமை காலை சின்னத்தம்பி லாரியில் தொற்றிக்கொண்டு வந்து முயன்று பார்த்தான்.

"துரை தானேதாங்க கட்டுவாரு. நான் பின்னால நின்னு கண்ணாடியில பாத்திருக்கேன். அதுல வலதெல்லாம் எடது பாருங்க."

ஒரு முறை பல்வலிக்குக் கட்டுப் போட்டது போல வந்தது. மறுமுறை, கன்றுக்குட்டியை அவிழ்க்கத் தயாராகக் கட்டினது போல வந்தது. செல்லப்பாக்கியம் பொறுமையிழந்து ஊசியை எடுத்தாள். துணியைத் தன் கூந்தல் நாடா போல முடிந்து, கழுத்துப்பட்டியோடு வைத்து, புருஷன் கழுத்திலேயே தைத்துவிட்டாள்.

"ஆடாதேங்கோ. தொண்டையிலை ஏறும்."

"எப்பிடிக் கழட்டுறது?"

"நூலை வெட்டினால் கழலும். திருப்பித் தைக்க நான் கப்பலிலை இல்லை."

ஆக, சூரியன் உச்சிக்கு வருமுன்னே விசுவலிங்கம் இராச்சாப்பாட்டு உடுப்பில் வீட்டை விட்டு இறங்கினார். ரசம் தெறிக்கும் என்று மத்தியானம் சாப்பிடவும் இல்லை. ரயிலடி வரை செல்லப்பாக்கியம் குடை பிடித்துக்கொண்டு கூட நடந்தாள்.

"எல்லாம் பாத்து வந்து சொல்லோணும். என்ன கறி, என்ன விளக்கு, ஆர் என்ன கதைச்சது, எல்லாம்."

"சொல்லுறன்."

"அந்த மனிசன் மாதிரியே நில்லுங்கோ. வடிவாத்தான் இருக்கிறியள்."

அவர் தலையாட்டப் பார்த்தார். கழுத்துப்பட்டி விடவில்லை.

ரயிலில் இடம் காலியாகக் கிடக்க, அவர் நின்றார். எதிர்ப் பலகையில் இருந்த, சிங்கப்பூரில் மரக்கடை வைத்திருக்கும் தங்கராஜு இவரை மேலும் கீழும் பார்த்தார். ரயில் கடற்பாலத்தில் ஏறி ஜலசந்தியின் நடுவுக்கு வந்தபோது பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"அண்ணே, எந்தக் கொட்டகையில?"

"என்ன கொட்டகை?"

"வித்தை காட்டத்தானே போறீங்க? நம்மகிட்ட மறைக்காதீங்க லா. புறா அந்தக் கைக்குள்ளதான் இருக்கு. நீங்க கையை மடக்காம நிக்கிறதுலயே தெரியுது."

சிங்கப்பூரில் இறங்கும்வரை தங்கராஜு அந்தக் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பொழுது சாயக் கப்பல் கிளம்பிற்று. இரவானதும் சாப்பாட்டு மணி அடித்தது. விசுவலிங்கம் நடந்தார். அறையில் காலை வைத்தபோது அந்த விளக்குகள் அப்படியே இருந்தன. வெள்ளி முட்கரண்டிகள் அப்படியே இருந்தன. இருபது வருடமாக நினைத்து எச்சில் விழுங்கிய அறை அப்படியே இருந்தது.

மனிதர்கள்தாம் வேறாக இருந்தார்கள். ஒருவர் காக்கிக் கோட்டோடு சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் கழுத்துப் பொத்தானைத் திறந்துவிட்டு விசிறிக்கொண்டிருந்தார். ஒரு வெள்ளைக்கார அம்மாள் தெருத் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. பரிமாறும் ஆட்கள் சாதாரண வெள்ளைச் சட்டையில் ஓடினார்கள்.

அந்த அறை முழுவதும் தன்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்றுதான் விசுவலிங்கம் இத்தனை காலம் ஏங்கியிருந்தார். பார்த்தது. கரண்டிகளெல்லாம் அந்தரத்தில் நின்றன.

ஓடிவிடலாம் என்று நினைத்தார். அப்போது வட்டச் சன்னலைக் கண்டார். வெளியே இருட்டில், தலைப்பாகை கட்டிய யாரோ ஒருவர் கண்ணாடியில் நெற்றியை ஒட்டவைத்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். விசுவலிங்கம் நிமிர்ந்து நின்றார். அந்தச் சட்டையில் வேறு விதமாக நிற்கவும் முடியாது.

"முருகா, பிழையான அறைக்கு வந்திட்டனோ," என்று மட்டும் வாய் முணுமுணுத்தது.

அறையின் கோடியிலிருந்து நரைத்த தலையோடு ஒருவர் வந்தார். கறுப்புக் கோட்டு. பலகை போல வெள்ளை நெஞ்சு. கழுத்தில் கறுப்பு வண்ணத்துப்பூச்சி. இடது கை முதுகுக்குப் பின்னால். வரும் வழியில் மேசைக்கு மேசை நின்று, குனிந்து, ஒரு வார்த்தை. மேசைகள் மலர்ந்தன. அவர் அவசரப்படவில்லை.

விசுவலிங்கம் தன் இடது கையையும் முதுகுக்குப் பின்னால் மடிக்கப் பார்த்தார், கஞ்சி விடவில்லை.

கிழவர் அவருக்கு எதிரே வந்து நின்று, கோட்டைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், முடிச்சில் தெரிந்த தையல் நூலைக்கூடப் பார்த்தார். பிறகு தூத்துக்குடித் தமிழில், மற்ற மேசைகளுக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னார்:

"கப்பல் கெளம்புற ராத்திரி பிரயாணி யாரும் இதைப் போடுறதில்லீங்கய்யா, பெட்டியே தெறந்திருக்க மாட்டாங்க, மொத ராத்திரியில இந்தக் கோட்டு பரிமாறுறவங்களுக்குத் தலைவனான எனக்கு மட்டுந்தான், இருபத்தஞ்சு வருசமா இந்த ரூமுல ஒத்தையா நின்னுட்டேன், இன்னைக்குத்தான் தொணைக்கு ஒரு ஆள் வந்திருக்கீங்க."