தின்னர் வாடை போய்விட்டது, அக்காவை அனுப்பவும்

அன்பும் பொறுமையும் நிறைந்த மைத்துனருக்கு,

உங்கள் அக்காவின் கணவன் எழுதுவது. நான் நலம். அங்கே தாங்கள், தங்கை, குழந்தைகள், அப்புறம் பன்னிரண்டு நாளாக அங்கேயே தங்கியிருக்கும் உங்கள் அக்கா, எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். அக்காவின் நலத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகப் பதில் எழுதவும்.

நடந்ததை அவள் ஒரு மாதிரி சொல்லியிருப்பாள். நான் சொல்வதையும் கேளுங்கள். எங்கள் துணி அலமாரி இருபது வருஷமாக அழுது வடிகிற பழுப்பு நிறம், அதை அவளுக்குப் பிடித்த இளம்பச்சையாக மாற்றிக் காட்டலாம் என்றுதான் ஆரம்பித்தேன். அச்சகத்தில் முப்பது வருஷம் பெட்ரோலில் உருளை துடைத்த கை, எனக்கா தெரியாது என்று ஒரு மிதப்பு. தூசி ஒட்டக் கூடாதென்று படுக்கையறை ஜன்னல்களைச் சாத்திவிட்டு, பெயிண்டில் கலக்கிற தின்னரை ஊற்றித் தேய்க்கிறேன், தலை கிறுகிறுக்கிறது, அதையும் உற்சாகம் என்றே நினைத்துக்கொண்டேன், அந்த நேரம் பார்த்து அவள் அடுப்படியில் லைட்டரை எடுக்கிற சத்தம். அப்போதுதான் புத்தி வந்தது. தின்னர் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு தரையாகப் பக்கத்து அறைக்குப் போய்விடும், ஒரு பொறி போதும். "அடுப்பைப் பத்த வைக்காதே!" என்று கத்தினேன். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் குரலை உயர்த்தியதே இல்லை மச்சான். அவ லைட்டரை வச்சுட்டு, படபடப்பு அடங்கட்டும்னு மேஜையில இருந்த தண்ணி பாட்டிலைத் திறந்து வாய்கிட்ட கொண்டுபோனா. அதுலயும் தின்னர். மிச்சத்தை நான்தான் ஊத்தி வச்சிருந்தேன். நல்லவேளை, அவ மூக்கு கூர்மை. பாட்டிலைக் கீழே வச்சா, என்னைப் பாத்தா, "இந்த வாடை போற வரைக்கும் வாசப்படி மிதிக்க மாட்டேன்"னு பையை எடுத்தா. பஸ்ஸுக்கு நானேதான் கொண்டுபோய் விட்டேன்.

மறுநாளே திருந்திவிட்டேன். அலமாரியைக் கொல்லைப்புறத்துக்குத் தள்ளினேன், அது என் காலில் ஏறியது தனிக் கதை. தின்னரை அதன் சொந்த டப்பாவிலேயே மூடியை இறுக்கி, வெளியே நிழலில் பூட்டி வைத்தேன். அதோடு விட்டதா? இளம்பச்சைக்கு மேல் பளபளப்புக்காகப் பூசிய வார்னிஷைத் துடைத்த துணிகளை வாளியில் சுருட்டிப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால், வாளி புகைகிறது! எண்ணெய் வார்னிஷ் துணி குவிந்து கிடந்தால் தானாகவே சூடேறுமாம், பக்கத்து வீட்டு டீச்சரம்மா ஓடி வந்து தண்ணீர் ஊற்றிவிட்டுச் சொன்னார். இப்போது ஒவ்வொன்றாகப் பிரித்து வெளியே கொடியில் போடுகிறேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் அவை என் சட்டைகள் என்று நினைத்து, "அம்மா எப்ப வருவாங்க?" என்று பரிதாபமாகக் கேட்கிறார்கள்.

இரண்டு பேர் இருக்கிற வீட்டில் ஒருத்தர் போனால் மிச்சம் ஒருத்தராவது இருக்க வேண்டும். இங்கே அதுவும் இல்லை. நேற்று எல்லா அறையிலும் சுவரோடு மூக்கை வைத்து மோந்து பார்த்தேன். வாடை துளிகூட இல்லை, சத்தியம். ஆகவே அக்காவை ஞாயிற்றுக்கிழமை வண்டியேற்றி விடவும். அவள் இல்லாமல் இருக்க முடியவில்லை. இந்த வரியை மட்டும் படித்துக் காட்ட வேண்டாம்.

தங்கைக்கு என் அன்பு. குழந்தைகள் நன்றாகப் படித்து, ஜன்னலைத் திறந்து வைத்து, நூறாண்டு வாழட்டும்.

இப்படிக்கு,
திருந்திய அத்தான்

பி.கு.: உன் தம்பியின் தோளுக்குப் பின்னால் நின்று நீ படித்துக்கொண்டிருப்பாய் என்று தெரியும். அதனால் இது உனக்கே. உறையை ஒட்டுவதற்கு முன் டீச்சரம்மாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னங்க, வாடை இந்த அடி அடிக்குது!" என்றார். மழைக்குப் பயந்து வார்னிஷ் போட்ட இழுப்பறைகளைக் கட்டிலுக்கடியில் காய வைத்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. டாக்டரிடம் போனேன். சளி பிடித்து நாலு நாளாக என் மூக்கு வேலையே செய்யவில்லையாம், காபி ருசி தெரியாததும் அதனால்தானாம். சளி நாலு நாள்தான். காபி ருசி போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. அதை டாக்டரிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வா. வாடை அடித்தால் உள்ளே வர வேண்டாம், வாசலுக்கு வெளியே இரண்டு நாற்காலி போட்டு வைக்கிறேன்.