மெத்தைக்காரர் வாங்கிய மலைச் சைக்கிள்

இனிமேல் ஞாயிற்றுக்கிழமை தன்னுடையது என்று மெத்தைக்காரர் ஒரு புதன்கிழமை முடிவெடுத்தார். ஆறு நாள் முதலாளிக்குப் போகட்டும். ஏழாவது நாளையாவது மீட்டாக வேண்டும். பெரிய விடுதலைப் போராட்டங்கள் எல்லாம் இப்படித்தான் தொடங்குகின்றன, ஆள் தனியாகக் குளியலறையில் இருக்கும்போது.

மெத்தைக் கடையில் அவர் விற்பனையாளர். இருபது வருடமாக ஊரையே படுக்க வைத்துவிட்டுத் தான் நின்றுகொண்டிருப்பவர். கடை நிறைய மெத்தை. அவருக்கு உட்கார ஒரு முக்காலி கிடையாது. ஞாயிறு வந்தால் வீட்டில் மனைவி எழுதிய பட்டியல் காத்திருக்கும். மின்விசிறியைத் துடை. திரைச்சீலையைக் கழற்று. ஒட்டடை அடி. கழற்றிய திரைச்சீலையை மாட்டு. எல்லாம் முடித்து முதுகை நிமிர்த்தினால் திங்கட்கிழமை நிற்கும்.

எதிர்வீட்டுக்காரருக்கு ஹெல்மெட் என்று பெயர். குப்பை கொட்டப் போனாலும் தலைக்கவசத்தோடு போகிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? ஞாயிறு விடிந்ததும் அவர் மலைச் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே இருக்கும் குன்றுக்குப் போவார். மதியம் முகமெல்லாம் சேறும் சிரிப்புமாகத் திரும்புவார். நாற்பத்தாறு வயதில் ஓர் ஆண்பிள்ளை முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை மெத்தைக்காரர் கண்டதில்லை. கண்ணாடியில் கண்டதே இல்லை. முழங்கால் ஒழுங்காக மடங்குகிற காலத்துக்குள், காதில் காற்று கத்த ஒரு சரிவில் இறங்கிவிட வேண்டும். அவர் ஆசை அவ்வளவுதான்.

"சைக்கிள் வாங்க வீட்ல கேட்டுட்டீங்களா?" என்றார் ஹெல்மெட், படிக்கட்டில்.

"கேட்டாத்தானே சார் இல்லைன்னு வரும்? எங்க தொழில்ல வேணுமான்னு கேக்கவே மாட்டோம். எது வேணும்னுதான் கேப்போம்."

"புரியலை."

"கடைக்கு வர்றவங்ககிட்ட மெத்தை வேணுமான்னு கேட்டுப் பாருங்க. சும்மா பாக்க வந்தோம்பாங்க. கெட்டியானதா, மெத்துன்னு இருக்கறதான்னு கேளுங்க. யோசிப்பாங்க. யோசிச்சவங்க பாதி வாங்கினவங்க. படுத்துப் பாத்தவங்க முக்கால்."

"வீட்டம்மாவும் கடைக்கு வர்றவங்களும் ஒண்ணா சார்?"

"நீங்க பாத்துக்கிட்டே இருங்க."

மெத்தைக்காரர் மனைவி தண்ணீர் வாரியத்தில் மீட்டர் பார்ப்பவள். காலையிலிருந்து மாலைவரை தெருத்தெருவாக, மாடிமாடியாக ஏறி இறங்குகிறவள். எந்த வீட்டுக்காரராவது "இந்த மாசம் நாங்க தண்ணியே புழங்கலைம்மா" என்றால் தலையை ஆட்டிக்கொண்டே முள் காட்டுவதை எழுதிக்கொள்வாள். வாய் சொல்வதைக் கேட்பாள், முள் சொல்வதை நம்புவாள். அன்று மாலை அவள் வந்து காலை நீட்டி உட்கார்ந்ததும் மெத்தைக்காரர் இரண்டு படங்களை எதிரில் வைத்தார்.

"என்ன இது?"

"சும்மா ஒரு யோசனை. இது ஹார்ட்டெயில். முன்சக்கரத்துக்கு மட்டும் ஸ்பிரிங், பின்னாடி கெட்டி. இது ஃபுல் சஸ்பென்ஷன். முன்னாடியும் ஸ்பிரிங், பின்னாடியும் ஸ்பிரிங். மலைப்பாதைக்கு எது நல்லதுன்னு நெனைக்கிறே?"

அவள் படங்களைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "எதுக்கு?" என்று வரப்போகிறது என மெத்தைக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"எது கனம் கம்மி?" என்றாள்.

யோசிக்கிறாள்! பிடித்த மூச்சு தானாக வெளியே வந்தது.

"ஹார்ட்டெயில்தான். ஏத்தத்துல லேசா ஏறும். மிதிச்ச மிதி வீணாகாது."

"அப்ப இன்னொண்ணு?"

"அது இறங்கும்போது ராஜா. கல்லு, வேரு, பள்ளம் எதுவும் முதுகுக்குத் தெரியாது. ஏறும்போதுதான் மிதிக்க மிதிக்க அமுங்கும்."

"ஸ்பிரிங் மெத்தை ஓரத்துல உக்காந்து செருப்பு மாட்டற மாதிரி."

"அதேதான்! உனக்கு எவ்வளவு சுருக்குன்னு புரியுது பார்."

"பராமரிப்பு?"

"ரெண்டு ஸ்பிரிங்னா வேலையும் ரெண்டு மடங்குதான்."

"ஒரு புருஷனைப் பராமரிக்கறதுக்கே..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். "உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?"

"ஃபுல் சஸ்பென்ஷன். முதுகுக்கு நல்லதாம்."

"முன்பக்கத்துக்கு நீங்களே சொந்தமா ஒண்ணு வச்சிருக்கீங்க" என்று அவர் தொப்பையை ஒரு பார்வை பார்த்தாள். "சரி, படத்தை வச்சு நான் எப்படிச் சொல்றது? படுத்துப் பாக்காம மெத்தை வாங்கறவன் முட்டாள்னு நீங்கதானே சொல்வீங்க?"

"நான்தான்! நானேதான்!"

"அப்ப ஓட்டிப் பாக்கணும்."

மெத்தைக்காரர் எதிர்வீட்டுக் கதவைத் தட்டி ரகசியமாகச் சொன்னார்: "படுத்தாச்சு சார். முக்கால்!"

ஞாயிறு காலை. பட்டியல் சமையலறைச் சுவரில் அனாதையாகத் தொங்கியது. அதுவே முதல் வெற்றி. சைக்கிள் கடையில் ஒரு நாள் ஓட்டிப் பார்க்க இரண்டு வண்டியும் கொடுத்தார்கள். வீட்டில் சாய்ந்து உட்கார்ந்து காத்திருப்பாள் என்று பார்த்தால், அவள் பழைய வேலைச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நீயுமா?"

"நீங்க ஒருத்தரே ரெண்டையும் ஓட்டினா ரெண்டாவது வண்டி ஏறும்போது களைச்சுப் போயிருப்பீங்க. வண்டி மேல அநியாயமா பழி விழும். ஒரே பாதையில, ஒரே நேரத்துல ஆளுக்கொண்ணு. உச்சியில மாத்திக்குவோம். அளவுன்னா அளவா இருக்க வேணாமா?"

தனக்காக இவ்வளவு பாடுபடுகிறாளே என்று மெத்தைக்காரருக்குக் கண் கலங்கியது. ஆசைப்பட்ட ஃபுல் சஸ்பென்ஷனில் அவர் ஏறினார். ஹார்ட்டெயிலில் அவள்.

ஏற்றம் ஆரம்பித்தது. மிதித்தார், வண்டி அமுங்கியது. மிதித்தார், மறுபடி அமுங்கியது. அவர் குன்றின் மேலே போவதைவிட அதிகமாக வண்டிக்குள்ளே போய்க்கொண்டிருந்தார். ஒரு ஆடு அவரைத் தாண்டிப் போனது. நின்று ஒரு செடியை நிதானமாக மென்றுவிட்டு மறுபடி தாண்டியது.

மேலிருந்து குரல் வந்தது. "ஏங்க! வர்றீங்களா, இல்ல அங்கேயே வாடகைக்கு வீடு பாத்துட்டீங்களா?"

நாள் முழுக்க மாடி ஏறுகிற கால்களுக்குக் குன்று என்பது கொஞ்சம் சாய்ந்த மாடி. அவ்வளவுதான்.

உச்சியில் வண்டியை மாற்றிக்கொண்டார்கள். இப்போது இறக்கம். மெத்தைக்காரர் வாழ்நாளெல்லாம் கனவு கண்ட அதே இறக்கம், ஆனால் ஹார்ட்டெயிலில். பாதையிலிருந்த ஒவ்வொரு கல்லும் அவருடைய முதுகெலும்பிடம் தன்னைத் தனித்தனியாக அறிமுகம் செய்துகொண்டது. இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவர் குன்றிலிருந்து தவணை முறையில் இறங்கினார்.

திடீரென்று கீழே ஓர் அலறல். விழுந்துவிட்டாள் என்று வண்டியைப் போட்டுவிட்டு ஓடினார். வளைவு திரும்பியதும் நின்றார். அது அலறல் இல்லை. வேர்கள் மேல் துள்ளிக்கொண்டு, முடி பின்னால் பறக்க, அவள் சிரித்துக்கொண்டு போனாள். பத்தொன்பது வருடக் குடித்தனத்தில் அந்தச் சிரிப்பு வீட்டுக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. அது எங்கே இருந்தது, யார் வர விடவில்லை என்று மெத்தைக்காரர் ஒரு கணம் யோசித்தார். அப்புறம் முட்டி வலித்தது, யோசனை போய்விட்டது.

அடிவாரத்தில் ஹெல்மெட் தன் கூட்டாளிகளோடு வாய் பிளந்து நின்றார். "சார், உங்க வீட்டம்மாவா அது? என்னா இறக்கம்!"

சாயங்காலம் சைக்கிள் கடை. "எதும்மா முடிவு பண்ணீங்க?" என்றார் கடைக்காரர்.

"ஃபுல் சஸ்பென்ஷன்" என்றாள்.

மெத்தைக்காரருக்கு அங்கேயே ஒரு துள்ளு துள்ள வேண்டும்போல் இருந்தது. முட்டி விடவில்லை. அவர் ஆசைப்பட்டதையே அவள் வாயால் சொல்ல வைத்தாயிற்று. இருபது வருட அனுபவம் என்றால் சும்மாவா?

கடைக்காரர் அளவு நாடாவை எடுத்தார். "வண்டி ஃபிரேமை ஆளோட உயரத்துக்கு ஏத்த மாதிரி எடுக்கணும். யாருக்கு?"

"எனக்கு" என்றார் மெத்தைக்காரர்.

"எனக்கு" என்றாள் அவள், அதே நொடியில், நாடாவுக்கு முன்னால் போய் நின்று.

"ஏய், நீ... நான்தானே கேட்டேன்?"

"எதுன்னு கேட்டீங்க. யோசிச்சேன், ஓட்டிப் பாத்தேன், சொல்லிட்டேன். யாருக்குன்னு நீங்க கேக்கவே இல்லியேங்க?"

மெத்தைக்காரர் அளவு நாடாவைப் பார்த்தார். மெத்தைக் கடையில் புருஷன் பெண்டாட்டியாக வருகிறவர்களிடம் யாருக்கு என்று யாராவது கேட்பார்களா? கட்டில் ஒன்று, மெத்தை ஒன்று, படுப்பது இரண்டு பேர். இருபது வருடத்தில் அவர் கேட்கவே பழகாத ஒரே கேள்வியில் போய் மாட்டிக்கொண்டார்.

"மாத்தி மாத்தி ஓட்டலாம்ல?" என்று கடைசியாக முனகினார்.

"என் உயரத்துக்கு எடுத்தா உங்க முட்டி ஹேண்டில்ல இடிக்குமேங்க" என்றாள் அக்கறையாக. "இன்னொண்ணு வாங்கி நிறுத்த வாசல்லயும் இடமில்லை. ஆனா ஒண்ணு, இனிமே ஞாயித்துக்கிழமை வீட்ல நான் உங்களைத் தொந்தரவே பண்ண மாட்டேன்."

அந்த வாரம் முழுக்க அவள் எதிர்வீட்டு அம்மாவிடமும், அந்த அம்மா தெரிந்த அம்மாக்களிடமும் சைக்கிள் வந்த கதையைச் சொன்னார்கள். மனைவி கேட்காமலே, ஒரு புருஷன் தானாகப் படம் கொண்டுவந்து காட்டி, எது வேணும் கண்ணு என்று கேட்டு, குன்றுவரைக்கும் கூட்டிப் போய் ஓட்டிக் காட்டி வாங்கித் தந்த கதை. "கண்ணு" மட்டும் அவள் சேர்த்தது.

அடுத்த ஞாயிறு காலை மெத்தைக்காரர் நாற்காலி மேல் ஏறி மின்விசிறியோடு இருந்தபோது கதவு தட்டப்பட்டது. வாசலில் ஹெல்மெட். பின்னால் படிக்கட்டில் அவருடைய கூட்டாளிகள் ஐந்து பேர். ஒருவரிடமும் சைக்கிள் இல்லை.

"எங்க வண்டிங்க எல்லாம் இப்ப குன்று மேல இருக்கு" என்றார் ஹெல்மெட். "எங்க வீட்டம்மாங்களோட."

"ஐயையோ!"

"உங்களை அந்தக் குன்றுப் பக்கம் எப்பவாவது பாத்தா, ஆறு பேரும் சேர்ந்து உருட்டி விடறதா முடிவு பண்ணியிருக்கோம்."

மெத்தைக்காரர் துடைக்கும் துணியோடு ஓர் அடி பின்வாங்கினார்.

"அது அப்புறம்" என்று ஹெல்மெட் சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். "மொதல்ல இதைச் சொல்லுங்க சார். ஒட்டடை அடிச்சிட்டுத் திரைச்சீலையைக் கழட்டணுமா, கழட்டிட்டு அடிக்கணுமா?"