சம்பந்தியின் பெருவிரல்

பெண்ணைப் பெற்றவன் சம்பந்தி வீட்டாரிடம் தலையைக் குனிய வேண்டும், கையைக் கூப்ப வேண்டும், வாயை அடக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்லிக்கொடுப்பார்கள். காலை என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

எனக்குச் சர்க்கரை வியாதி. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே ஆபீஸில் நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது வந்தது. முதலில் பாதம் எரிந்தது. பிறகு எரிச்சல் நின்றுவிட்டது. குணமாகிவிட்டது என்று கோயிலில் தேங்காய் உடைத்தேன். அன்று வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்றும் தெரியவில்லை. (தேங்காய்க்கு முன்பே டாக்டரிடம் போயிருக்கலாம். எங்கே போனேன்!)

டாக்டர் என் பாதத்தை ஊசியால் குத்திப் பார்த்தார். நான் ஜன்னல் வழியாகத் தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"குத்தினது தெரிஞ்சுதா?" என்றார்.

"எப்பக் குத்தப் போறீங்க?" என்றேன்.

நரம்பு கெட்டிருக்கிறது என்றார். இனிக் காலில் சின்னப் புண் வந்தாலும் ஆறுவது கடினம், ஆறாவிட்டால் விரலையே எடுக்க நேரிடும் என்றார்.

டிஸ்பென்சரியின் பின்னறையில் ஒரு கரண்டுப் பெட்டி இருந்தது. புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரெசர் மாணிக்கம் ஈரத்துணியைப் பாதத்திலும் கெண்டைக்காலிலும் கட்டி, கம்பியை மாட்டி, திருகைத் திருப்புவார். பெட்டி குளவி மாதிரி ரீங்கரிக்கும். என் விரல்கள் என்னைக் கேட்காமலே துள்ளும்.

"கரண்டு ஆட்டினா மட்டும் போதாது லா அண்ணே," என்றார் மாணிக்கம். "நீங்களா ஆட்டணும். கைக்குட்டையைத் தரையில போட்டு, கால் விரலால சுருட்டிப் பிடிங்க. உக்கார்ற இடத்துல எல்லாம் செய்யுங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தை வேதமாக எடுத்துக்கொண்டேன். ஆபீஸில் மேசைக்கடியில் செய்தேன். முடிதிருத்தகத்தில் செய்தேன். நகம் வெட்டினால் புண் வந்துவிடுமே என்று நகம் வெட்டுவதையும் நிறுத்தினேன். (மாணிக்கம் அப்படிச் சொல்லவில்லை. அது என் சொந்த வைத்தியம்.)

இந்த நிலைமையில்தான் என் மகள் கமலத்துக்குக் கிள்ளானிலிருந்து ஒரு நல்ல வரன் வந்தது. பையன் பள்ளிக்கூட வாத்தியார். தகப்பனார் தோட்டத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வுபெற்றவர். கமலத்துக்குப் பையனைப் பிடித்திருந்தது. அவள் அதைச் சொல்லவில்லை. அவர்கள் வரும் நாளைத் தாயிடம் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"சர்க்கரைன்னு வாயைத் திறந்துடாதீங்க," என்று என் மனைவி எச்சரித்தாள். "பரம்பரை வியாதின்னு எழுந்து போயிடுவாங்க."

நான் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் வந்த அன்று வாசலில் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். மேசையின் உடைந்த காலை மறைக்க என் மனைவி தரை வரைக்கும் விரிப்பு போட்டிருந்தாள். கிராணியார் எனக்கு எதிரில் உட்கார்ந்தார். பேச்சு நகைக்கு வந்ததும் எனக்குப் பதற்றம். பதற்றம் வந்தால் விரல்கள் தானாகப் பயிற்சிக்குத் தயாராகிவிடும். கைக்குட்டையை நைசாகக் கீழே விட்டேன். அது விரலில் அகப்பட்டதா என்று எனக்குக் கண்ணால் பார்த்தால்தான் தெரியும். சம்பந்திக்கு எதிரில் குனிந்து பார்க்க முடியுமா? குத்துமதிப்பாகப் பிடித்து, நன்றாகச் சுருட்டினேன். கிராணியார் தோட்டத்துக் கதைகளைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கமலம் காப்பி கொண்டுவந்தாள். ஸ்பூன் ஒன்று விழுந்து விரிப்புக்கடியில் போனது. எடுக்கக் குனிந்தவள் நிமிர வெகுநேரமானது.

"அப்பா," என்றாள் தணிந்த குரலில், "காலை எடுங்க."

"ஏம்மா?"

"அது உங்க கைக்குட்டை இல்லப்பா."

எல்லோரும் குனிந்தார்கள். என் கால் விரல்கள் கிராணியாரின் பெருவிரலைக் கொக்கி போட்டுப் பிடித்திருந்தன. என் நகம் அவர் சதையில் இறங்கி, தரையில் ரத்தம். காலால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது நம் வழக்கம் அல்லவா? பதறிப்போய் அதைச் செய்தேன். என் கண்ணிமையெல்லாம் ரத்தம்.

சம்பந்தியம்மாள் கணவரை முறைத்தார். "இவ்வளவு கிழிஞ்சிருக்கு, உங்களுக்கு வலிக்கலையா?"

கிராணியார் கூரையைப் பார்த்தார்.

என் மனைவிக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. "ஐயோ, அவருக்கும் மரத்துப்போச்சா?"

"அவருக்கும்னா?" என்றார் சம்பந்தியம்மாள்.

அதற்குப் பிறகு மறைக்க இரு வீட்டிலும் ஒன்றுமில்லை. கிராணியாருக்கும் சர்க்கரைதான், அவரும் வாயைத் திறக்கக் கூடாது என்ற உத்தரவோடுதான் வந்திருந்தார். சம்பந்தியம்மாள் எழுந்தார். "முதல்ல இந்தப் புண்ணு ஆறட்டும். அப்புறம் கல்யாணத்தைப் பேசலாம்."

ஆறாவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை. டாக்டர்தான் எனக்குச் சொல்லியிருந்தாரே.

கிராணியாரை நானே மாணிக்கத்திடம் அழைத்துப்போனேன். புண் முதலில் வீங்கிச் சிவந்தது. ரயிலேறிக் கிள்ளானுக்குப் போய் அவர் காலைப் பார்த்துவிட்டு வருவதே எனக்கு வேலையாயிற்று. ஒரு நல்ல மனிதரின் விரல் என்னால் போய்விடுமோ என்று ஒரே பயம். வீட்டுக்கு வந்ததும் கமலம் கேட்பாள்: "விரல் எப்படிப்பா இருக்கு?" செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டே, "ஆறிடும்மா" என்பேன். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. இன்றும் சம்பந்தி வந்தால் அவர் முகத்தைப் பார்க்கும் முன் கால்விரலைத்தான் பார்க்கிறேன்.

ஒருநாள் மாணிக்கம் கட்டைப் பிரித்தபோது புதுத்தோல் மூடியிருந்தது. நான் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கிராணியார் என் தோளைத் தட்டினார்.

"போதும் எழுந்திரிங்க சம்பந்தி. நாள் பார்க்க வேணாமா?"

அன்று முதல் இருவரும் கரண்டுப் பெட்டிக்குச் சேர்ந்தே போனோம். மாணிக்கம் எங்கள் நடுவில் ஒரு முக்காலியைப் போட்டுவைத்தார்.

கல்யாணத்தில் மாப்பிள்ளை கமலத்தின் காலைப் பிடித்து மெட்டி போட முயன்றார். விரல் நழுவி நழுவிப் போனது. சம்பந்தியம்மாள் பந்தல் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"கெட்டியாப் பிடிடா! தெரியலைன்னா உன் மாமனாரைக் கேளு."

இப்போது பிரிக்ஃபீல்ட்ஸில் யார் வீட்டுக் கல்யாணமானாலும், மெட்டி போடும் நேரம் வந்தால் பெண்கள் மணப்பெண்ணின் காலைப் பார்ப்பதில்லை. என் காலைத்தான் பார்க்கிறார்கள். நான் வேட்டியை இழுத்து மூடிக்கொள்கிறேன்.