கல்யாணக் காரும் கழற்றிய டிஸ்ட்ரிபியூட்டரும்

என் காரை இனி எவனுக்கும் கொடுப்பதில்லை என்று நான் சபதம் எடுத்தது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை அதை என் மனைவி ஜெயந்தினி தன் தம்பிக்குக் கொடுத்துவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாளா? இல்லை. ஃபோனில், என் எதிரிலேயே, நான் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கொடுத்தாள்.

"அதுக்கென்னடா தம்பி, நம்ம கார் இருக்கையில பொண்ணு வாடகைக் கார்லயா போவா? நாளைக்கே வந்து எடுத்துக்க. கல்யாணம் முடியிற மட்டும் ஒங்கிட்டயே இருக்கட்டும்."

தம்பி ஜீவராஜ் பூண்டுலோயாவில் இருக்கிறான். அவன் மகள் தனுஷிகாவுக்குப் பத்து நாளில் கல்யாணம். பிள்ளை நல்ல பிள்ளை. அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரியில் டீமேக்கராக இருக்கிற நான், நாற்பத்தைந்து வயதான ஒரு பெட்டி லான்ஸரை மழையில் நனையவிடாமல் பெற்ற பிள்ளைக்கு மேலாக வைத்திருப்பது எதற்கு? ஜீவராஜ் கையில் சீரழியவா? போன வருசம் என் குடையை வாங்கிக்கொண்டு போனான். கம்பியை மட்டும் கொண்டுவந்து கொடுத்தான்!

முடியாது என்று நேராகச் சொல்லியிருக்கலாம். மனைவியிடம் அப்படிச் சொல்லிப் பார்த்துப் பிழைத்தவர்கள் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். நான் வேறு வழி பார்த்தேன்.

ஞாயிறு காலை அவள் கோயிலுக்குப் போனதும் பொனட்டைத் திறந்து டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றினேன். நாலு ப்ளக்குக்கும் நெருப்பைப் பங்கு போட்டுக் கொடுப்பது அதுதான். சரியான நேரத்துக்குக் கொடுத்தால் கார் ஓடும். நேரம் தப்பினால் வெடிக்கும், நகராது. அதன் தண்டை அரைச் சுற்று திருகி, பிசகாகவே மாட்டி, போல்ட்டை முடுக்கினேன். பிறகு வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்தேன்.

அவள் திருநீறோடு வந்தாள்.

"ஏங்க, தம்பி பதினோரு மணி பஸ்ல வர்றானாம். கார ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க."

பார்த்தேன். டுமீல்! கீழே லயத்து வீடுகளின் கோழிகள் எல்லாம் கூரைக்கு ஏறின.

"அடடா! டிஸ்ட்ரிபியூட்டர் டைமிங் போயிருச்சு ஜெயந்தி. மஃறூப் பாஸ் வந்து பாத்தாத்தான் சரிவரும். அவரு மக வீட்டுக்குப் போயிருக்காரு. வர பத்து நாளாகும்."

மஃறூப் என்பவர் நோர்வூட்டில் கராஜ் வைத்திருக்கும் மெக்கானிக். அவருக்கு மகளே கிடையாது.

"பத்து நாளா?"

"பதினொண்ணும் ஆகலாம்."

அவள் அழவில்லை. சண்டை போடவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பொனட்டருகே போனாள்.

"நாலு ப்ளக்கையும் கழட்டுங்க."

"எதுக்கு?"

"கழட்டுங்களேன். டாப் கியர்ல போட்டுட்டுப் பின்னால போய்த் தள்ளுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. ப்ளக் இல்லாத காரைத் தள்ளச் சொல்கிறாள்! சரி, மனக்குறை இல்லாமல் பார்த்துக்கொள்ளட்டும் என்று தள்ளினேன். எங்கள் குவாட்டர்ஸ் பாதையில் பாய் விரிக்கிற அளவுக்குத்தான் சமதரை. மிச்சமெல்லாம் ஏற்றம். அவளோ முதல் ப்ளக் ஓட்டையைக் கட்டை விரலால் பொத்திக்கொண்டு காரோடு ஒய்யாரமாக நடந்து வந்தாள்.

"தள்ளுங்க... தள்ளுங்க... நில்லுங்க! காத்து வெரலத் தள்ளுது, நெருப்பு குடுக்குற நேரம் நெருங்கிருச்சு. இன்னும் ஒரு சாண். ம், புல்லியில கோடு நேரா வந்திருச்சு. டயருக்குக் கல்லப் போடுங்க."

கல்லைப் போட்டுவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு முன்னால் வந்தேன். அதற்குள் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, ரோட்டரை முதல் வயருக்கு நேராக வைத்துத் திருப்பி மாட்டியிருந்தாள். சாவியைப் போட்டு, டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினாள். சடக்கென்று பொறி தெறித்தது.

"இதெல்லாம் ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"மஃறூப் அண்ணன் வர்றப்பல்லாம் நீங்க அரசியல் பேசுனீங்க. டார்ச் புடிச்சது யாரு?" என்றாள். பிறகு குனிந்து பார்த்தாள். "ஏங்க, இது தானா போகல. போல்ட்டுல புதுக் கீறல் இருக்கு. கள்ளன் வந்திருக்கான்."

"இருக்கும்."

"எடுத்துக்கிட்டுப் போகாம திருப்பி மாட்டிட்டுப் போயிருக்கான் பாருங்க. ரொம்ப நல்ல கள்ளன். கையில கிரீஸ் இருக்கு, கழுவிட்டு வாங்க."

ப்ளக்குகளை மாட்டி ஒரு தடவை சாவியைத் திருப்பினாள். வெட்கங்கெட்ட கார், உடனே கிளம்பியது! உப்புப் போட்டு வளர்த்தவனைக் காட்டிக்கொடுத்துவிட்டுப் பூனை மாதிரி உறுமிக்கொண்டு நின்றது.

ஜீவராஜ் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தான். என்னிடம் கடைசி ஆயுதம் ஒன்று இருந்தது.

"ஜீவராஜ், கார் ஒனக்கில்லாம யாருக்கு? ஆனா ஒண்ணு. இது என் கைக்குத்தான் அடங்கும். வேற யாரு ஓட்டுனாலும் மொத வளைவுலயே நின்னுரும். புள்ள மாலையும் கழுத்துமா நடுரோட்டுல நிக்கணுமா? யோசிச்சுப் பாரு."

அவன் முகம் கறுத்தது. "அப்ப வேணாம் மச்சான். வேற கார் பாக்குறேன்."

ஜெயித்துவிட்டேன்! ஐந்து விநாடிகள் ஜெயித்திருந்தேன்.

"சரியாச் சொன்னீங்க" என்றாள் ஜெயந்தினி. "டேய் தம்பி, கார மட்டும் எடுத்துட்டுப் போகாத. இவரையும் சேத்து எடுத்துட்டுப் போ. பத்து நாளைக்கு லீவு போட்டுருவாரு."

போட்டேன். பத்து நாளும் அண்டா ஏற்றினேன், வாழைத்தார் ஏற்றினேன், வாந்தி எடுக்கிற அத்தைமார்களை ஏற்றினேன். கல்யாணத்தன்று பொண்ணு மாப்பிள்ளையை அலுங்காமல் குலுங்காமல் கோயிலிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவந்து இறக்கினேன். பந்தி தொடங்கியது. காருக்குப் பக்கத்தில் பசியோடு நின்ற என்னை மாப்பிள்ளையின் பெரியப்பா பார்த்துவிட்டார். நல்ல மனுசர். "அந்த டிரைவருக்கும் ஒரு இலை போடுங்கப்பா!" என்று குரல் கொடுத்தார்.

டிரைவரா? நானா? வந்த கோபத்தைப் பசி அமுக்கியது. இலையை நோக்கி நடந்தேன். சாம்பார் வாளியோடு நின்ற என் மனைவி திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்:

"டிரைவருக்கு இப்ப எல போட வேணாங்க. சோறு உள்ள போனா வளைவுல தூங்கிருவாரு. ஒரு பிளேன்டீ போதும்."