துணைவேந்தர் நரியும் வளை இழந்த நீர்நாயும்

ஒரு காட்டில் ஓர் ஏரி இருந்தது. அதன் கரையில் மாசிலாமணி என்ற நீர்நாய், பெண்சாதியோடும் மூன்று குட்டிகளோடும் ஒரு வளையில் குடியிருந்தது. ஏரி நாறிப்போய்க் கிடந்ததால் வசதியுள்ள மிருகங்களெல்லாம் பக்கத்துக் காட்டுக்குப் போய்விட்டன. காட்டின் பேர் கெட்டுப்போச்சே என்று சிங்கம் கூட்டம் போட்டது. ஒரு பல்கலைக்கழகம் வந்தால் காடு தானாக எழுந்து நிற்கும் என்று நரி எடுத்துச் சொன்னது. மறுநாளே நரி துணைவேந்தர் ஆனது. காட்டுக்கு ‘அறிவு வனம்’ என்று புதுப் பேர் வைத்தார்கள்.

ஏரியைத் தூர்வாரினார்கள். மாசிலாமணி சந்தோஷம் தாங்காமல் தானும் மண் சுமந்தது. தண்ணீர் தெளிந்த வாரமே வளையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அந்த இடத்தில் ‘கரைவாழ் உயிரின ஆய்வுத்துறை’ எழும்பியது.

துணைவேந்தரைப் பார்க்க மாசிலாமணி மூன்று நாள் வரிசையில் நின்றது. நரி டீ வாங்கிக் கொடுத்து, மாணவனாகச் சேர்ந்தால் விடுதியில் இடம் உண்டு என்றது. விண்ணப்பத்தோடு இருப்பிடச் சான்று வேண்டுமாம். மாசிலாமணி அந்த ஆய்வுத்துறைக் கட்டிடத்தில் இருந்த குமாஸ்தா எருமையிடம் போனது.

“இந்தக் கட்டிடம் நிக்கிற இடந்தான் ஐயா என் வீடு.”

“இது துறைப்பா. துறையில யாரும் குடியிருக்க முடியாது,” என்று எருமை விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தது.

வெளியே ஆராய்ச்சிக்கு வந்த நாரை ஒன்று மாசிலாமணியைப் பிடித்துக்கொண்டது. பல்கலைக்கழகம் வந்தபின் வாழ்க்கை எப்படி மாறியிருக்கிறது என்று கேட்டது.

“வீடு போச்சுங்க. குட்டிங்க வெயில்ல கிடக்குதுங்க.”

‘உள்ளூர்ச் சமூகம் மனம்விட்டுப் பேசுகிறது’ என்று எழுதி நாரை முனைவர் பட்டம் வாங்கியது. அந்த ஆய்வைக் காட்டி, சமூகத்தோடு ஒட்டிப் பழகும் பல்கலைக்கழகங்களின் பட்டியலில் முதலிடம் வாங்கியது நரி.

நரி நன்றி மறக்கவில்லை. காட்டின் நுழைவாயிலில் யானை உயரத்துக்கு ஒரு விளம்பரப் பலகை வைத்தது. அதில் பட்டமளிப்பு அங்கியோடு சிரித்தது மாசிலாமணி. கீழே, ‘இங்கே எல்லோருக்கும் இடமுண்டு’ என்று எழுதியிருந்தது.

மாசிலாமணி பெருமையோடு பெண்சாதியைக் கூட்டிப்போய்க் காட்டியது. பெண்சாதி பலகையைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னது:

“படம் நல்லாத்தான் இருக்குது. இப்படிப் பின்னால வாங்க, நல்ல நிழல்.”

அன்று சாயங்காலமே குட்டிகளோடு அங்கே குடியேறிவிட்டார்கள்.

நீதி: ஊர் பேர் வாங்கும்போது சிரித்த முகமாக நில்லுங்கள். படம் எவ்வளவு பெரிதோ, அவ்வளவு நிழல்.