பெருச்சாளி கொண்டுபோன ஷூ

அறுநூற்று அறுபது ரூபாய். பக்கத்து வீட்டு டாக்சிக்காரருக்குக் கட்டட வேலையில் கம்பி கட்டுகிறவர் கொடுக்க வேண்டிய பாக்கி. குடித்தோ சூதாடியோ வந்த கடன் இல்லை. முழுக்க முழுக்க ஒரு ஷூவால் வந்த கடன்.

அந்த ஷூவை இன்றைக்கும் காணோம்.

"வாண்டு! இன்னொண்ணு எங்கடி?"

"தெரியலப்பா."

ஒரு காலில் ஷூ, மறு காலில் வெறும் சாக்ஸ். நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள் மகள். முதல் வகுப்புப் படிக்கிறவளுக்கு உலகத்தில் என்ன அவசரம்?

கம்பிக்காரர் கட்டிலுக்கடியில் பாதி உடம்பை நுழைத்துத் துழாவினார். தெருமுனையில் பள்ளிக்கூட வேன் ஹாரன் அடித்தது. இரண்டாவது ஹாரனும் அடித்தால், பிறகு ஆண்டவனே கை காட்டினாலும் அந்த வேன் நிற்காது. செருப்போடு அனுப்பலாம் என்றால் பள்ளிக்கூட வாட்ச்மேன் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்.

இரண்டாவது ஹாரன் அடித்தது.

ஷூ கிடைத்தது. மாவு டப்பாவுக்குப் பின்னால்.

மகளை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினால், வாசலில் டாக்சி உறுமிக்கொண்டு நின்றது.

"ஏறுங்கண்ணே. காசு கெடக்கு, அப்புறம் பாத்துக்கலாம். புள்ள படிப்புதான் முக்கியம்," என்றார் டாக்சிக்காரர். "இந்தா வாண்டு, அழாதே," என்று ஒரு மிட்டாயும் கொடுத்தார்.

வாண்டு அழவே இல்லை. ஆனாலும் வாங்கிக்கொண்டாள்.

எல்லாம் பள்ளிக்கூடத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்துக்குப் பிறகு ஆரம்பித்தது. "காலைல பறக்காதீங்க. எல்லாத்தையும் ராத்திரியே எடுத்து வாசல்கிட்ட வச்சிடுங்க. வீடு அமைதியா இருக்கும்," என்று டீச்சர் சொன்னார். கம்பிக்காரரின் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் வேலை. விடியும் முன்னே கிளம்பவேண்டும். அதனால் அவள் டீச்சர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். சீருடை, பை, தண்ணி பாட்டில், ஷூ எல்லாம் ராத்திரியே வாசல் ஓரத்தில் வரிசையாக நிற்கும். விடிந்தால் வரிசையில் ஒரு ஆள் குறையும்.

மகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு வந்தால், வேலையிடத்தில் மேஸ்திரி காத்திருந்தார்.

"வாங்க மாப்பிள்ளை சார். தலவாழை போட்டுப் பரிமாறவா?"

"புள்ளையோட ஷூ..."

"உன் ஷூ கதைய எழுதி வச்சா ஒரு மாடி உயரம் வரும்யா. இங்க பாரு. வியாழக்கிழமை கான்கிரீட். மூலைக் கம்பி இன்னும் கட்டாம கெடக்கு. கலவை வண்டி உள்ள வர்றப்ப நீ கம்பி மேல நிக்கணும். இல்லேன்னா வேற ஆள் நிப்பான். அப்புறம் இந்தப் பக்கமே வராதே."

கம்பிக்காரர் கம்பி முறுக்கும் குறடை எடுத்துக்கொண்டு மூலைக்கு ஓடினார். இந்த வேலை போனால் அடுத்த வேலை எங்கே, எப்போது? வீட்டு வாடகையைப் பெண்டாட்டி சம்பளம் தாங்குமா?

சாயங்காலம் டாக்சிக்காரரிடமே புலம்பினார்.

"பெருச்சாளிதாண்ணே," என்றார் அவர், யோசிக்காமலே. "தோல் வாசனைக்கு வரும். பொறி வைங்க."

வைத்தார். ஷூவுக்குப் பக்கத்தில் பெரிய பொறியாக ஒன்று. காலையில் மனைவி போன சத்தம் கேட்டுத் தூக்கக் கலக்கத்தில் எழுந்து விளக்கைத் தேடிப்போனவர், வீடே அதிர அலறினார். பொறியில் மாட்டியது அவருடைய கால் கட்டைவிரல். அதை விடுவித்து, மஞ்சள் வைத்துக் கட்டி முடிப்பதற்குள் ஷூ காணாமல் போயிருந்தது. வேனும் போயிருந்தது.

"பெருச்சாளி வந்துச்சா?" என்று ஆர்வமாகக் கேட்டார் டாக்சிக்காரர்.

"வந்துச்சு. என்னைப் பாத்துச் சிரிச்சிட்டுப் போச்சு. வண்டிய எடு தம்பி."

ராத்திரி மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "ஏங்க, ஊருக்கே மாடி கட்டுறீங்க. ஒரு ஷூவ ஒரு எடத்துல நிறுத்த முடியல?"

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தொழிலில் கைவைத்தால் யாருக்குத்தான் வராது? கட்டுக்கம்பியை எடுத்தார். இரண்டு ஷூவையும் ஜன்னல் கம்பியோடு சேர்த்து, தூணுக்குக் கட்டுகிற மாதிரி முறுக்கி முறுக்கிக் கட்டினார். பெருச்சாளி என்ன, யானை வந்தாலும் அசைக்கமுடியாது.

காலையில் ஷூ இரண்டும் இருந்த இடத்தில் இருந்தன. குறடைத்தான் காணோம்.

கையால் திருகினார். நகம் பிய்ந்தது. பல்லால் கடித்தார். பல் ஆடியது. கத்தியால் நெம்பினார். கத்தி வளைந்தது. தன் கட்டை அவிழ்க்கத் தன்னாலேயே முடியவில்லையே என்பதில் ஒரு பக்கம் பெருமையாகக்கூட இருந்தது. வேன் இரண்டாவது ஹாரன் அடித்ததும் அந்தப் பெருமையும் போயிற்று.

"அப்பா, டாக்சி மாமா வந்துட்டாங்க," என்றாள் வாண்டு, ஜன்னல் வழியாகப் பார்த்து.

"வரட்டும். அவர்கிட்டதான் குறடு இருக்கும்."

இருந்தது.

புதன் ராத்திரி வந்தது. விடிந்தால் கான்கிரீட். கம்பிக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். மகளுக்குச் சீருடையைப் போட்டு, பையை மாட்டாத குறையாக, இரண்டு கால்களிலும் ஷூவை மாட்டி, இரட்டை முடிச்சுப் போட்டுப் படுக்க வைத்தார்.

"புள்ளையா, போலீஸ்காரனா?" என்றாள் மனைவி.

"ஒரு ராத்திரிதானே. பேசாம படு."

ராத்திரி முழுக்க வாண்டு விலாவில் உதைத்தாள். ஒவ்வொரு உதைக்கும் கம்பிக்காரருக்குச் சந்தோஷம். ஷூ இருக்கிறது!

விடிந்தது. ஷூ இரண்டும் காலில் இருந்தன. முதல் ஹாரன்கூட அடிக்கவில்லை. மகள் தோளில் பையை மாட்டி, வீட்டைப் பூட்ட, கதவோரம் ஆணியில் தொங்கும் சாவிக்குக் கை நீட்டினார்.

வெறும் ஆணி.

பூட்டாமல் போகலாமா? மனைவி சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம் முழுக்க உள்ளே இருந்தது. சட்டைப்பை, தலையணை, வாளி, அடுப்படி என்று வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்தார். வியர்வை வழிந்து கண்ணில் எரிந்தது. முதல் ஹாரன். இரண்டாவது ஹாரன்.

"போச்சு," என்று தரையில் உட்கார்ந்தார். "எல்லாம் போச்சு."

வாண்டு பக்கத்தில் வந்து நின்றாள். அப்பா அப்படி உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு சொன்னாள்:

"அப்பா, ஷூவுக்குள்ள என்னமோ குத்துது."

கழற்றி உதறினால், சாவி.

எப்படி விழுந்தது என்று யோசிக்க நேரமில்லை. பூட்டிவிட்டு ஓடி டாக்சியில் விழுந்தார். பாதி வழியில், ஆள் இல்லாத ஒரு பாலத்தில் டாக்சிக்காரர் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினார்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. இன்னிக்கோட தொள்ளாயிரம் ஆச்சு. எனக்கு வண்டித் தவணை கட்டணும். இப்பவே ஒரு வழி சொல்லுங்க."

"தம்பி, இப்பவா? கேட்டை மூடிடுவான். அங்க கலவை வண்டி வந்திடும்!"

"வழி சொன்னா வண்டி போகும்."

கம்பிக்காரரின் சட்டைப்பையில் ஒரு பீடிக்கட்டுதான் இருந்தது. அதை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். பிறகு சொன்னார்: "கூலி வந்ததும் முழுசா தந்திடுறேன். ஆனா இன்னியோட சரி. இனிமே உன் வண்டியில நாங்க ஏறமாட்டோம். நாளையிலேருந்து புள்ளைய அவ அம்மா கூடவே விடியக்காலைல அனுப்பிடுறேன்."

பின் சீட்டில் வாண்டு நிமிர்ந்தாள்.

"இனிமே டாக்சி கெடையாதா? அப்ப மாமா, என்னோட..."

"கணக்கு முடிஞ்சுது!" என்று கத்தினார் டாக்சிக்காரர். வண்டி பாய்ந்து கிளம்பியது.

"என்ன தம்பி சொன்னே?"

"தொள்ளாயிரமும் தள்ளுபடிண்ணே. ஒரு காசு வேண்டாம். நானும் புள்ள பெத்தவன்தானே? வாண்டு, நீ பேசாம வேடிக்கை பாரு கண்ணு."

கம்பிக்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது. இப்படியும் ஒரு மனுஷனா! இவனைப் போய்க் கடன்காரன் மாதிரி நினைத்தோமே!

வாட்ச்மேன் ஒரு கதவைச் சாத்தி மறு கதவில் கை வைத்தபோது டாக்சி போய் நின்றது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அவர் வேலை பார்க்கும் கட்டடம் தெரிந்தது. கலவை வண்டி இன்னும் உள்ளே வரவில்லை. பிழைத்தோம்!

மகளை இறக்கிவிட்டார். "மாமா நமக்கு எவ்வளவு பெரிய உதவி பண்ணியிருக்காரு பாத்தியா? கும்பிட்டு நன்றி சொல்லுடி."

வாண்டு கும்பிடவில்லை. டாக்சியின் முன் ஜன்னலுக்குள் உள்ளங்கையை நீட்டினாள்.

"அப்பா பாக்கி முடிஞ்சுது, சரி. ஷூவ ஒளிச்சா ஒண்ணு, குறடுக்கு ரெண்டு, சாவிக்கு மூணுன்னு சொன்னீங்களே மாமா, என் மிட்டாய்ப் பாக்கி எங்க?"